லயத்துக்கு மேலே ஒரு கான்

1

நாங்கள் ஸ்டவாங்கருக்கு வந்து சேர்ந்த நாளை வருடாவருடம் நான் பாயசம் காய்ச்சிக் கொண்டாடுவேன். "அகதியா வந்ததுக்கும் பாயசமோ?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் இரண்டு கிண்ணம் குடிப்பார். தொண்ணூற்று மூன்றில் வந்தோம். இந்த வருடப் பாயசம் மட்டும் அடுப்பிலேயே ஆறிப்போனது. அன்று மாலை மகளின் பள்ளிக்கூடத்தில் காட்டிய ஓர் ஆவணப்படம்தான் அதற்குக் காரணம்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். அவர் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் எங்கள் கல்யாணத்தை எதிர்த்ததுதான். இப்போது நோர்வேயில் அவர் ஒரு சலவை ஆலையில், கடலில் எண்ணெய் எடுக்கப் போகிறவர்களின் உடுப்புகளைத் துவைக்கிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இந்த ஊரே எண்ணெயில் பிழைக்கிற ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் எண்ணெயை எரிப்பதால் பூமி சூடாகிறது என்று படம் போட்டார்கள்.

பெற்றோரும் வரலாம் என்று அழைத்திருந்தார்கள். உருகுகிற பனியில் கரடி தடுமாறியபோது மண்டபமே உச்சுக் கொட்டியது. நான் நாளைய சாப்பாட்டுக்கு என்ன கறி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது திரையில் ஒரு மலை வந்தது. பச்சை மலை. நடுவில் மண்ணிறத்தில் ஒரு நீளக் கிழிசல். அடியில் நசுங்கிய தகரங்கள். ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்து நின்றாள். எந்த நாடு என்றுகூடச் சொல்லவில்லை. மழை முன்பு போல் இல்லை, ஒரேயடியாகக் கொட்டுகிறது, மலைகள் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். என்னால் போக முடியவில்லை.

"மேல கான் வெட்டலையே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், தமிழில். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த என் மகள் துளசி, பதின்மூன்று வயது, என் கையைப் பிடித்து அழுத்தினாள். அன்பில் அழுத்தினாளா, வாயை மூடச் சொல்லி அழுத்தினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

படம் முடிந்ததும் ஆசிரியை, ஒவ்வொருவரும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பல்பை மாற்றுவோம் என்றார்கள், சைக்கிளில் போவோம் என்றார்கள், மரம் நடுவோம் என்றார்கள். துளசி எழுந்து நின்று, இனிமேல் விமானத்தில் ஏறமாட்டேன் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பெருமையோடு தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் அண்ணன் ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் இருப்பதே ஒரு பல்புதான். அதை மாற்றச் சொல்லி அவரிடம் என்னவென்று பேசுவது?

2

கான் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலை மலைக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால். மழைத் தண்ணீர் மேலிருந்து நேராக ஓடி வந்தால் மண்ணையும் வாரிக்கொண்டு வரும். கான் அதை மறித்து, ஓரமாக நடத்திக்கொண்டு போய் ஓடையில் விடும். என் அப்பா கான் வெட்டுவதில் கெட்டிக்காரர். சித்திரை பிறந்து பெருமழைக்கு முன்னால் ஆண்களை மம்பட்டியோடு மலைக்கு அனுப்புவார்கள். கானுக்குள் நடுநடுவே சின்னச் சின்ன அணை விட்டு வெட்டுவார்கள். மண் அங்கேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வழிந்து போகும். சின்ன வயதில் மழை பெய்தால் நாங்கள் கானோரமாக ஓடுவோம். எவருடைய இலை முதலில் ஓடைக்குப் போகிறது என்று பந்தயம்.

தொண்ணூறுகளில் தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். நான் அதன் பிறகு அதிக காலம் அங்கே இருக்கவில்லை. இங்கே வந்த பிறகு அண்ணனோடு பேசும்போதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, யார் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனது என்றுதான் பேச்சு போகும். அந்தப் படம் பார்த்த மறுநாள்தான் வேறு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, நம்ம லயத்துக்கு மேல கான் வெட்டுறாங்களா?"

தொலைபேசியில் அவர் சிரித்தார். "என்னம்மா, நல்லா இருக்கீங்களான்னு கேப்பேன்னு பாத்தா கானக் கேக்குற. கான் வெட்டுற காலமெல்லாம் போச்சு தங்கச்சி. இப்ப கொழுந்து மட்டுந்தான். கானெல்லாம் மூடிப் புல்லு மொளச்சுக் கெடக்கு."

"மழ பெஞ்சா தண்ணி எங்க போவுது?"

"எங்க போவும், ஒங்க அண்ணி சமைக்கிற குசினிக்குள்ளதான் போவுது" என்றார். பிறகு குரல் மாறியது. "மழயும் முன்ன மாதிரி இல்லம்மா. முன்னயெல்லாம் மாசக்கணக்குல சிணுங்கிக்கிட்டே கெடக்கும். இப்ப காய்ஞ்சா கொழுந்து கருகுற அளவுக்குக் காயுது. பெஞ்சா மூணு நாள்ல அம்புட்டையும் கொட்டிட்டுப் போவுது. போன மழைக்கு லயத்துக்கு மேல நெலம் வெடிச்சிருக்கு. கையை விட்டா மொழங்கை வரைக்கும் போவுது."

அந்தப் பழைய லயத்தில் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். ஐந்தாவது காம்பராவில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். நான் பிறந்ததும் அதே காம்பராவில்தான். படத்தில் பார்த்த தகரம் எந்த நாட்டுத் தகரமோ தெரியாது. அன்றைக்கு அது எங்கள் லயத்துத் தகரமாகிவிட்டது.

3

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது, தெருவோரச் சாக்கடைக் கம்பிகளில் சிக்கியிருந்த இலைகளை ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஒரு நகரசபை ஊழியர் வாரிக்கொண்டிருந்தார். இரவு காற்றும் மழையும் வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். பதினான்கு வருடமாகப் பார்க்கிற காட்சிதான். அன்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். "ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். இல்லை, நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, கொஞ்சம் வேகமாக வாரத் தொடங்கினார்.

இங்கே மழைக்கு முன்னால் ஆள் வருகிறார். எங்கள் மலைக்கு மழைக்குப் பின்னால்தான் ஆட்கள் வருவார்கள், பாய், அரிசி, பருப்பு எல்லாம் கொண்டு வருவார்கள், படம் பிடிப்பார்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் மழைக்கு முன்னால் நமக்காக யாராவது வரவேண்டும், வராவிட்டால் நானே போகவேண்டும்.

முதலில் தொலைபேசியில்தான் முயன்றேன். தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்கச் சொன்னார். துரையைப் பிடித்தால், கான் வேலைக்குக் கொழும்பிலிருந்து அனுமதி வரவேண்டும் என்றார். அரசாங்க அலுவலகத்தில், தோட்டத்துக்குள் இருக்கிற லயம் கம்பனியின் பொறுப்பு என்றார்கள். திரும்பத் தோட்டத்துக்கு எடுத்தால், மண்சரிவு அரசாங்கத்தின் பொறுப்பு என்றார்கள். அந்த மலை மட்டும் எவர் பொறுப்பிலும் இல்லாமல் தன்பாட்டில் வெடித்துக்கொண்டிருந்தது.

4

விமானச் சீட்டு எடுத்த செய்தியைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். துளசி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் பேசுவது அப்பாவின் தமிழ். நான் மலையகத் தமிழில் கேட்பேன், அவள் யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் இருவரும் நோர்வேஜிய மொழிக்குப் போய்விடுவோம். அன்று தமிழிலேயே நடந்தது.

"அம்மா, நான் பிளேனில போகமாட்டன் எண்டு சொன்னதுக்கு நீங்களும் கை தட்டினீங்கள்."

"ஒன்ன மெச்சித் தட்டுனேன். நானும் ஏறமாட்டேன்னு சத்தியமா பண்ணுனேன்?"

"நீங்கள் போற பிளேன் விடுற புகையும் சேர்ந்துதானே அங்க மழை மாறுது? மாமா வீட்டைக் காப்பாத்தப் போய் மாமா வீட்டு மேலயே..."

"அந்த மலை விழுந்தா சைக்கிள் மிதிச்சுப் போயா ஒங்க மாமாவத் தூக்குறது?"

"ரெண்டு பேரும் சொல்லுறது சரிதான்" என்றார் என் கணவர். இரண்டு பேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

துளசி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அந்த லயத்தைப் பார்த்ததே இல்லை. அண்ணியை நான் அத்தை என்று சொல்லிக் கொடுத்தேன், அவள் மாமி என்கிறாள். அவளுக்கு அது படத்தில் வரும் ஓர் இடம். ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளை நம்மைவிட்டு விலகிப் போகிறாள் என்று கவலைப்பட்டால், அவள் நம்மைவிடச் சரியான பக்கத்துக்கு விலகிப் போகிறாள். அதற்காக நான் போகாமல் இருக்க முடியுமா? முடியாது.

"நீங்களும் வாங்களேன்" என்று கணவரைக் கேட்டேன்.

"இஞ்சரும், என்ர யாழ்ப்பாண அடையாள அட்டையோட நான் இப்ப கொழும்பில இறங்கினா, உம்மட அலுவல் ஒண்டும் நடக்காது. என்னைத் தேடுறதுதான் உமக்கு அலுவலாயிருக்கும்" என்றார். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாளில் அது பகிடி மட்டும் இல்லை.

5

சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் போய் இறங்கினேன். கொழும்பிலிருந்து ஏறிய பஸ்ஸில் பாதிப் பேர் வெள்ளை உடுப்போடு நல்லதண்ணிக்குப் போகிறவர்கள், மலை ஏறிக் கும்பிட. கினிகத்தேனையில் நிறுத்தியபோது பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்தேன். பக்கத்தில் நின்ற அம்மா சிங்களத்தில் எங்கே போகிறாய் மகளே என்று கேட்டார். வாயில் முதலில் நோர்வேஜியச் சொல் வந்தது, அடுத்து யாழ்ப்பாணத்து ஓம் வந்தது, மூன்றாவதாகத்தான் சிங்களம் வந்தது. அவர் என்னை மெதுவாக ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். என் நோர்வேக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். எனக்கு மட்டும். முப்பது வருடம் அந்த மலையில் வேலை செய்த என் அண்ணன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் எழுந்து நின்றுகொண்டேன். பிறகு இன்னொரு நாற்காலியும் வந்தது.

மண்சரிவு அபாயத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் வீட்டு இலக்கம், வீதி என்று இரண்டு கட்டம் இருந்தது. லயத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் கிடையாது. எல்லோருடைய கடிதமும் தோட்டத்தின் பெயரில் ஆபீசுக்குத்தான் வரும். "விலாசம் இல்லாவிட்டால் பதிவு செய்ய முடியாது" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான், சிரித்த முகம். "ஐயா, அந்த மலைக்கு விலாசம் தேவையில்லை, அது நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வரும்" என்று தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அதன் பிறகு, இரண்டு கட்டத்துக்கும் குறுக்கே 'பழைய லயம், ஐந்தாம் காம்பரா' என்று அவரே எழுதினார்.

அந்த வாரமே ஒரு பரிசோதகர் வந்து வெடிப்பைப் பார்த்தார். லயத்தை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்றார். எப்போது என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். அதுவரைக்கும் மேலே தண்ணீர் இறங்காமல் வடியவிடுங்கள், பெருமழை பெய்தால் லயத்தில் படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். படம், விண்ணப்பம், பரிசோதனை எல்லாம் சுற்றிக் கடைசியில் கானில்தான் வந்து நின்றது.

6

அன்று பின்னேரம் வேலை விட்டு வந்தவர்களை லயத்து முன்னால் கூட்டினோம். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, பெண்கள் கொழுந்துக் கூடையோடேயே நின்றார்கள். படத்தில் பார்த்ததைச் சொன்னேன். பனி உருகுவதையும் சொன்னேன், கரடிக்கு யாரும் உச்சுக் கொட்டவில்லை. மழை மாறியதற்குக் காரணம் சொன்னபோது மட்டும் ஒரு பெண் கேட்டாள்.

"அப்ப நம்ம ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு சாமி கோவிச்சுக்கிட்டதுன்னு சொன்னாங்களே, அது இல்லியா?"

"இல்லக்கா. நாங்க இருக்கிற பக்கத்துல எரிக்கிற எண்ணெய்க்கு ஒங்க பக்கத்துல மழ கொட்டுது."

"அது நல்ல ஞாயமா இருக்கே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குமுன் விஷயத்துக்கு வந்தேன். மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கூலி வாங்காமல், சிரமதானமாக மேலே கானை வெட்டிவிடலாம் என்றேன். தொழிற்சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வெட்டலாம் தங்கச்சி. பேரு யாரு போடுறது?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் எடுத்து, செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறேன், மகளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன், தங்கள் கூரையைக் காப்பாற்ற இவர்கள் பேர் கேட்கிறார்கள்!

"ஒங்க வீட்டு மேல வெட்டுறதுக்கு ஒங்களுக்குப் பேரு வேணுமா?" என்று கத்தினேன்.

அண்ணி காளியம்மா என் தோளைப் பிடித்தார். "கோவப்படாத செல்வி. சம்பளத்துக்குக் கேக்கல. பேரு இல்லாம மலையில மம்பட்டி வச்சா, தோட்டத்த வெட்டிட்டாங்கன்னு பொலிசுக்குப் போவாங்க. அதையும் விடு. இந்த வருசம் நம்மளா வெட்டிட்டா, அடுத்த வருசம் யாரு வெட்டுறது? கான் தோட்டத்து வேலை. நம்ம தலையில கட்டிட்டா அப்பறம் ஒரு நாளும் அவங்க வெட்டமாட்டாங்க."

பதினான்கு வருடம் வெளியே இருந்ததில் ஒன்றை மறந்திருந்தேன். இந்த ஆட்கள் இலவசமாகச் செய்து கொடுத்த எதுவும் அவர்களுக்குத் திரும்பி வந்ததில்லை.

"அப்ப சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறதா அண்ணி?"

"யாரு சொன்னா? காலையில பெரட்டுக்கு வா" என்றார் அண்ணி.

காலையில் பனி மூட்டத்தில் பெரட்டுக்களம் நிறைந்திருந்தது. எங்கள் லயத்துப் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுப் பார்த்தார், ஒருவரும் எழவில்லை. துரை ஜீப்பில் வந்து இறங்கினார். சிங்கள இளைஞர், தோட்டத் தமிழை நன்றாகவே பழகியிருந்தார்.

"என்ன காளியம்மா, இன்னிக்கி மலைக்கிப் போறது இல்லையா?"

"போறோங்க தொர. ஒரு வெளக்கம் மட்டும் வேணும். நம்ம தோட்டத்துல ஒரு ஆளு செத்தா குழி வெட்ட ரெண்டு ஆளுக்குப் பேரு குடுப்பீங்கல்ல?"

"ஆமா. அது எப்பவும் குடுக்கிறதுதானே. யாரு செத்தது?"

"இன்னும் சாகலைங்க. எங்க லயத்துல பன்னண்டு வீடு, சின்னது பெருசுன்னு அம்பத்தாறு உசுரு. மலை எறங்குனா அம்புட்டுப் பேருக்கும் நீங்க குழிக்குப் பேரு போட்டுத்தான் ஆவணும். அந்தப் பேர இப்பவே குடுத்துருங்க. நாங்க குழி வெட்டாம கான் வெட்டிக்கிறோம்."

துரையின் முகம் சிவந்தது. "அது வேற, இது வேற" என்றார்.

"வெட்டுறது அதே மம்பட்டிதாங்க" என்றார் என் அண்ணன். அவர் துரையின் முன்னால் வாய் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

துரை மேலே பார்த்தார். பனிக்குள் லயத்துத் தகரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நேரே ஆபீசுக்குள் போனார். கொழும்போடு பேசினாரா, தன்னோடேயே பேசினாரா தெரியாது. திரும்பி வந்து, "ஒரு வாரம். ஆம்பள ஆளுங்க மட்டும்" என்றார்.

"எங்க வீட்டுக்குப் பொம்பளைங்களும் வெட்டுவோம்" என்றார் அண்ணி.

"சரி, சரி" என்றார் துரை.

கிளாக்கர் ஐயா பேனாவோடு வந்து நின்றார். "சேர், இத எந்தக் கணக்குல எழுதுறது?"

"அவங்க கேட்ட கணக்கிலயே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

7

அந்த ஒரு வாரம் நானும் மலையில்தான் இருந்தேன். முதல் நாளே உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. "நோர்வேக் கை" என்று பெண்கள் கேலி செய்தார்கள். புல்லுக்கு அடியில் பழைய கான்கள் அப்படியே இருந்தன. அப்பா விட்ட அணைகள்கூட இரண்டு மூன்று இடத்தில் கையில் தட்டுப்பட்டன. வெடிப்பைக் களிமண் போட்டு அடைத்து, அதற்கு மேலே புதிதாக ஒரு கான் வெட்டி ஓடையில் சேர்த்தோம். பெருமழை வந்தால் எல்லோரும் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அந்தக் கட்டடத்தில், படுப்பது என்றும் பேசி முடித்தோம். சாவியைத் தலைவர் வைத்திருந்தார். போகும்போது அதை அவரிடமிருந்து வாங்கி அண்ணியிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

விமான நிலையத்துக்குத் துளசி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, கொப்புளங்களைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், நான் எடுத்து வந்த படங்களைக் கேட்டாள்: வெடிப்பு, கான், கூடை மேல் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அந்தப் படம் காட்டிய அதே மண்டபத்தில் அவற்றைப் போட்டு அவளே பேசினாள். பெயர் சொல்லாமல் விட்ட மலைக்கு எங்கள் மலையின் பெயரைச் சொன்னாள். அண்ணியை இரண்டு தடவை அத்தை என்றாள். நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

விமானப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. மூன்று நாள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். லயத்தை மாற்றும்வரை நான் வருடத்துக்கு ஒரு தடவை போவேன். அதற்கு ஈடாக வேறு எங்கும் நாங்கள் பறப்பதில்லை. விடுமுறைக்கு ஸ்பெயின் இல்லை, இலண்டன் இல்லை. இதில் அதிகம் அடிபட்டவர் என் கணவர். இலண்டனில் அவருடைய தங்கை மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ரயிலும் பஸ்ஸுமாகத்தான் வருவோம் என்று அவர் சொன்னதை அவர்கள் இன்னும் நம்பவில்லை, எங்களுக்குள் ஏதோ மனக்கசப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மண் கிழிந்த அந்த மலையை நான் பார்த்தாயிற்று, இனிப் பார்க்காததுபோல் இருக்க என்னால் முடியாது.

ஆனி மாதம் மழை கொட்டியது. செய்தியில் மலைநாட்டுப் பாதைகள் மூடியதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. வேலையில் ஒரு பாட்டிக்குச் சூப்புக் கொடுக்கும்போது நான் கரண்டியைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவரே கரண்டியை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் பகலில் அண்ணி எடுத்தார். துளசி ஓடி வந்து காதை ஒட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் பிள்ளைக்காம்பராவுலதான் இருக்கோம், செல்வி. லயத்துக் கோடியில கொஞ்சம் மண்ணு சரிஞ்சு கடைசிக் குசினிய அமுக்கிருச்சு. அங்கதான் ஆளே இல்லியே. மத்தபடி கான்ல தண்ணி போவுது பாரு, ஆறு மாதிரி! குசினிக்குள்ள ஒரு சொட்டு வரல."

துளசிதான் கேட்டாள். "அத்தை, அடுத்த வருசமும் துரை பேர் போடுவாரோ?"

"அத ஏன் கேக்குற சாமி. நேத்து மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து மேல பாத்தாரு. பாத்துட்டுச் சொல்றாரு, காளியம்மா, ஒங்களுக்குக் குழி வெட்ட வச்சிருந்த பேரெல்லாம் தீந்துபோச்சுன்னு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பரவால்லங்க தொர, நாங்க இப்போதைக்குச் சாகுறதா இல்லன்னுட்டேன்."